டப்பாவைப் பிரிக்கும் முன் ஒரு ரத்தப் பரிசோதனை

டெல்டா பக்கத்துச் சிறிய ஊர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியை நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 48. ஒன்பது வருடமாகச் சர்க்கரை நோய். காலையும் இரவும் மெட்ஃபார்மின், காலையில் கூடவே கிளிமெபிரைடு. நெஞ்செரிச்சலுக்கு எப்போதோ ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்த ‘கேஸ் மாத்திரை’யை மூன்று வருடமாகத் தானே வாங்கிச் சாப்பிட்டு வருகிறார். சைவம், முட்டையும் கிடையாது. மாதவிடாய் நாள் தப்பித் தப்பி வருகிறது, வரும்போது அதிகமாகப் போகிறது. ஒரு வருடமாகத் தீராத அசதி. படித்த வரியையே மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது, இரவில் உள்ளங்கால் எரிகிறது, சில நாள் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. பள்ளியில் பதினோரு மணி வாக்கில் கை நடுங்கி, வியர்த்து, எதிரே நிற்கும் பிள்ளையின் பெயரே மறந்துபோகிறது.

வீட்டில் 76 வயது அம்மா. இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர். இரண்டு வருடம் முன்பு அவருக்கு மறதி நோய் என்று உறுதியானது. இரவில் இரண்டு மூன்று தடவை எழுந்து நடமாடுகிறார், மகளும் கூடவே எழுகிறார். கணவருக்கு வெளியூரில் வேலை, சனி ஞாயிறு மட்டும் வருவார். தம்பி சென்னையில் இருக்கிறார், மாதாமாதம் பணம் அனுப்புகிறார்.

இந்த நிலையில் சக ஆசிரியை ஒருவர் மே மாதம் ஒரு டப்பா கொடுத்திருக்கிறார். ‘செல்லுக்குள் இருக்கும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும்’ மாத்திரையாம். ஒரு மாதத்துக்கு 6,800 ரூபாய். நான்கு பேரைச் சேர்த்துவிட்டால் தனக்கு இலவசம். சாப்பிட்ட மாதம் நன்றாக இருந்ததாம். ஜூனில் நிறுத்தியதும் பழையபடி அசதி. அதோடு ஒரு வீடியோ பார்த்து, காலை உணவை விட்டுவிட்டு 16 மணி நேர விரதமும் ஜூனில் ஆரம்பித்திருக்கிறார். அவர் கேட்பது இவை: மாத்திரையைத் தொடரலாமா, அம்மாவுக்கும் கொடுக்கலாமா? அந்த ‘பேட்டரி’, அதாவது செல்லுக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா, தாயிடமிருந்துதான் வருகிறது என்கிறார்களே, அப்படியானால் அம்மாவின் மறதி தனக்கும் வந்தே தீருமா? மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவைக் கொல்கிறது என்கிறார்களே, நிறுத்திவிடவா? மூளைக்கு வேறென்ன செய்யலாம்?

டீச்சர், நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு வருவதற்கு முன்னால், கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

பதினோரு மணி நடுக்கம்

உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான். நீங்கள் அதை மறதிக் கணக்கில் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அது சர்க்கரை இறங்குவது போலத் தெரிகிறது. கிளிமெபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. மாத்திரையைப் போட்டுவிட்டுக் காலை உணவைத் தவிர்த்தால், மூன்று நான்கு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, படபடப்பு, யோசனை மந்தமாவது எல்லாம் வரிசையாக வரும்.

நம் மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. தசையைப் போலக் கொழுப்பை நேரடியாக எரித்துச் சமாளிக்கவும் அதற்கு வழியில்லை. ரத்தத்தில் சர்க்கரை சட்டென்று இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளைதான். பிள்ளையின் பெயர் மறந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

ஆகவே, நாளையிலிருந்து காலை டிபனைத் தவறவிடாதீர்கள். பையில் குளுக்கோமீட்டர் வைத்துக்கொண்டு, நடுக்கம் வரும் நேரத்திலேயே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மீட்டர் கையில் இல்லையென்றால் முதலில் சர்க்கரைத் தண்ணீர், விசாரணை அப்புறம். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, மாத்திரையின் அளவைப் பற்றிப் பேசுங்கள். விரதத்தை நான் ஒட்டுமொத்தமாகக் குறை சொல்லவில்லை. இந்த வகை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அதில் இறங்கக் கூடாது, அவ்வளவுதான். வீடியோவில் பேசியவருக்கு உங்கள் மாத்திரைச் சீட்டு தெரியாது.

அம்மாவிடமிருந்து வந்தது எது

மைட்டோகாண்ட்ரியா தாய் வழியில் வருகிறது என்பது உண்மை. ஆனால் அதிலிருந்து நீங்கள் போட்ட கணக்குதான் தப்பு. மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக இருக்கும் மரபணுக்கள் 37 மட்டுமே. அது இயங்க ஆயிரத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் வேண்டும். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கான குறிப்பு செல்லின் உட்கருவில் இருக்கிறது. அது அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வந்தது. எழுபதைத் தாண்டி வரும் மறதி நோய் இப்படி ஒரே வழியாக இறங்கி வருவதில்லை. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வாய்ப்பு கொஞ்சம் கூடும், அதை மறைக்க மாட்டேன். ஆனால் ‘வந்தே தீரும்’ என்பதற்கும் அதற்கும் வெகுதூரம். தவிர, ஸ்டென்ட் வைத்த ஒருவருக்கு மூளை ரத்தக்குழாய் அடைப்பும் மறதியில் பங்கு வகித்திருக்கலாம். அப்படியானால் அதற்குக் காரணமான ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு எல்லாம் நம் கைக்கு எட்டுகிற விஷயங்கள்.

உண்மையான மைட்டோகாண்ட்ரியா நோய்கள் இருக்கின்றன, ஆனால் அரிதானவை. அவற்றின் அடையாளமே வேறு: சிறு வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல், இமை தொங்கிப்போவது, தசை பலவீனம், பார்வை போவது. அவற்றில் ஒரு வகை, சர்க்கரை நோயும் செவிட்டுத்தன்மையும் சேர்ந்து தாய் வழியில் வருவது. அம்மா, சித்தி, மாமா, உங்கள் உடன்பிறந்தவர்கள் என்று பலருக்கு முப்பது நாற்பது வயதிலேயே இரண்டும் சேர்ந்து வந்திருந்தால் உங்கள் மருத்துவரிடம் சொல்லுங்கள். அம்மாவுக்கு எழுபதில் காது மந்தமானதை மட்டும் வைத்து அப்படிச் சந்தேகப்பட வேண்டியதில்லை.

பேட்டரி அல்ல, கல்யாணச் சமையல்கட்டு

‘பேட்டரி’ என்ற சொல்லே ஆளைத் தவறான வழியில் கூட்டிக்கொண்டு போகிறது. பேட்டரி என்றால் சேமித்து வைத்திருக்கும், தீர்ந்தால் வெளியிலிருந்து ஏற்றலாம் என்று மனது நினைத்துக்கொள்கிறது. செல்லுக்குள் அப்படிப் பெரிய சேமிப்பு கிடையாது. ஆற்றலைச் சுமந்து செல்லும் ஏடிபி என்ற பொருள் எந்த நேரத்திலும் உடல் முழுக்கச் சேர்த்து 100 கிராம் தேறினாலே அதிகம். அதையே உடைத்து, மறுபடி ஒட்டி, மறுபடி உடைத்து, ஒரு நாளின் மொத்தக் கணக்கைப் பார்த்தால் ஏறக்குறைய நம் உடல் எடை அளவுக்கு உற்பத்தியாகிறது.

எனக்கு இது கல்யாணச் சமையல்கட்டு மாதிரித் தோன்றும். சமைப்பதும் பரிமாறுவதும் ஒரே மூச்சில் நடக்கும். பந்தியில் ஆள் கூடினால் தலைமைச் சமையல்காரர் இன்னொரு கோட்டை அடுப்பு போடச் சொல்வார். ஆளே வராவிட்டால் இருக்கிற அடுப்பையும் அணைத்துவிடுவார். தசை செல்லும் அப்படித்தான் நடந்துகொள்கிறது. 1967இல் ஜான் ஹாலோசி என்ற அமெரிக்க ஆய்வாளர் எலிகளைச் சில வாரங்கள் ஓடவிட்டுப் பழக்கி, அவற்றின் தசையை எடுத்துப் பார்த்தார். மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் உற்பத்தி நொதிகள் இரண்டு மடங்கு வரை கூடியிருந்தன. அந்த எலிகளுக்கு யாரும் மாத்திரை கொடுக்கவில்லை. தேவை கூடியது, அடுப்பு கூடியது.

அப்படியானால் அசதிக்கு உடற்பயிற்சி மட்டுமே பதிலா? இல்லை. விறகு ஈரமாக இருந்தால் எத்தனை அடுப்பு வைத்து என்ன பயன்? உங்கள் விஷயத்தில் எனக்கு விறகின் மீதுதான் சந்தேகம்.

மெட்ஃபார்மினும் பி12-உம்

மெட்ஃபார்மின் மைட்டோகாண்ட்ரியாவைத் தொடுகிறது என்பதில் ஒரு துளி உண்மை இருக்கிறது. ஆற்றல் உற்பத்திச் சங்கிலியின் முதல் கண்ணியை அது லேசாக மட்டுப்படுத்துகிறது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் செல்லின் மீது ஊற்றும் அளவும், மாத்திரை வழியாக உங்கள் செல்லுக்கு வந்து சேரும் அளவும் ஒன்றல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுச் சர்க்கரையை ஏறவிட்டால் சிறு ரத்தக்குழாய்க்கும் நரம்புக்கும் மூளைக்கும் வரும் சேதம் நிச்சயமானது. நிறுத்தாதீர்கள்.

வீடியோக்காரர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு. மெட்ஃபார்மினைப் பல வருடம் எடுத்தால் குடல் வைட்டமின் பி12-ஐ உறிஞ்சுவது குறைகிறது. இது நன்றாகத் தெரிந்த விஷயம். கேஸ் மாத்திரை வயிற்று அமிலத்தைக் குறைக்கிறது, உணவிலிருந்து பி12 பிரிந்து வர அந்த அமிலம் வேண்டும். நீங்கள் சைவம், பி12 வருவது பாலிலும் தயிரிலும் மட்டும்தான். மூன்று பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. காலடி எரிச்சல், அசதி, மறதி, மனச்சோர்வு எல்லாமே பி12 குறைவில் வரக்கூடியவை. சர்க்கரை நோயால் வரும் நரம்புப் பாதிப்பும் காலில் இதே எரிச்சலைத்தான் தரும் என்பதால், பலர் ‘சுகர் இருந்தால் கால் எரியத்தான் செய்யும்’ என்று விட்டுவிடுகிறார்கள். இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். பி12 குறைவை நீண்ட நாள் கவனிக்காமல் விட்டால் நரம்புச் சேதம் முழுதாகத் திரும்பாமல் போகலாம், ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

நீங்கள் தேடும் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தம் இங்கேதான் இருக்கிறது. மனித உடலில் பி12-ஐ நம்பி இயங்கும் நொதிகள் இரண்டே இரண்டு. அதில் ஒன்று உட்கார்ந்திருப்பதே மைட்டோகாண்ட்ரியாவுக்குள். இரும்புச்சத்தும் அப்படியே: ஹீமோகுளோபினுக்கு மட்டுமல்ல, ஆற்றல் உற்பத்திச் சங்கிலியின் பல கண்ணிகளுக்கும் இரும்பு வேண்டும். தைராய்டு ஹார்மோன் குறைந்தால் அந்த அடுப்புகளின் சூடே தணிந்துவிடும். ஆக, உள்ளூர் லேபில் எடுக்கும் சாதாரணப் பரிசோதனைகளே உங்களுக்கு ‘செல் ஆற்றல்’ பரிசோதனைகள். அவற்றுக்கு அந்தப் பெயரை யாரும் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் மருத்துவரிடம் கேட்டு எடுக்க வேண்டியவை: ஹீமோகுளோபினுடன் ரத்த அணுக்கள் எண்ணிக்கை, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பு), பி12, டிஎஸ்ஹெச் (தைராய்டு), எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கிரியாட்டினின் (சிறுநீரகம்). கூடவே ரத்த அழுத்தமும் பாத உணர்ச்சிப் பரிசோதனையும். ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே என்றால் பெண்களுக்கு ரத்தசோகை. 2019–21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் நூற்றுக்கு 57 பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருந்தார்கள். உங்களுக்கு மாதவிடாயில் அதிகம் போகிறது என்பதால், ரத்தசோகை இருந்தால் இரும்பு மாத்திரையோடு நிறுத்தாமல் மகப்பேறு மருத்துவரையும் பார்க்க வேண்டும். மாதவிடாய் நிற்கப்போகும் இந்தக் காலகட்டமே தூக்கத்தையும் நினைவையும் சற்றுக் குழப்பும், அதுவும் இந்தக் கணக்கில் சேரட்டும்.

பி12 குறைவு என்று தெரிந்தால் ஊசியா மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சுருள்பாசி, பழைய சோறு என்று நம்பிக் காத்திருக்க வேண்டாம். சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி பி12. பழைய சோறு நல்ல உணவுதான், ஆனால் இந்தப் பள்ளத்தை அதை வைத்து நிரப்ப முடியாது. கேஸ் மாத்திரை இன்னும் தேவையா என்பதையும் அதே சந்திப்பில் கேட்டுவிடுங்கள்.

அந்த டப்பாவுக்குள்

நீங்கள் எழுதி அனுப்பிய பட்டியலில் இருப்பவை: கோஎன்சைம் க்யூ10, கிங்கோ (ஒரு மரத்தின் இலைச் சாறு), வைட்டமின் சி, வைட்டமின் இ, பி6, பயோட்டின். க்யூ10 மைட்டோகாண்ட்ரியாவின் ஆற்றல் சங்கிலியில் உண்மையிலேயே இருக்கும் பொருள்தான். உடல் அதைத் தானே செய்துகொள்கிறது. பார்க்கின்சன் நோயில் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் பங்கு இருப்பதால், அதற்கு இது உதவும் என்று மருத்துவ உலகமே ஒருகாலத்தில் எதிர்பார்த்தது. 600 நோயாளிகளுக்கு உங்கள் மாத்திரையில் இருப்பதைப் போலப் பத்து மடங்குக்கும் மேலான அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது: பயனில்லை. கிங்கோவை மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்களுக்குச் சுமார் ஆறு வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2008இல் வந்தது. மறதி நோய் வருவதை அது தடுக்கவில்லை.

வைட்டமின் சி, இ விஷயம் இன்னும் சுவாரசியம். 2009இல் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வில், உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களில் பாதிப் பேருக்கு இந்த இரண்டையும் அதிக அளவில் கொடுத்தார்கள். மாத்திரை சாப்பிடாதவர்களுக்கு இன்சுலின் வேலை செய்யும் திறன் கூடியது. சாப்பிட்டவர்களுக்குக் கூடவில்லை. பயிற்சியின்போது எழும் கொஞ்சம் புகைதான் ‘இன்னும் அடுப்பு போடு’ என்று செல்லுக்குச் சொல்கிற சேதி. இந்த வைட்டமின்கள் புகையே வராமல் அமுக்கிவிட்டால் சேதியும் போய்ச் சேராது. நெல்லிக்காயும் நிலக்கடலையும் சாப்பிடும் அளவுக்கு இது பொருந்தாது, பயப்படாதீர்கள்.

பயோட்டினைப் பற்றி ஒன்று. அதிக அளவில் எடுத்தால் தைராய்டு பரிசோதனையின் எண்களையே அது மாற்றிக் காட்டும். ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், லேபிலும் சொல்லுங்கள். பி6-ஐ அதிக அளவில் நெடுநாள் எடுத்தால் அதுவே காலில் மரத்துப்போதலையும் எரிச்சலையும் கொண்டுவரும். கால் எரிச்சலுக்காக மாத்திரை சாப்பிட்டு, அந்த மாத்திரையாலேயே எரிச்சல் கூடிய ஆட்களை நான் பார்த்திருக்கிறேன்.

அம்மாவுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பார்கள், கிங்கோ அதோடு சேர்ந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடலாம்.

‘ஆனால் மே மாதம் நன்றாக இருந்ததே, டாக்டர்?’ என்று கேட்பீர்கள். மே மாதம் உங்களுக்குப் பள்ளி விடுமுறை. மதியம் அம்மா தூங்கும்போது நீங்களும் ஒன்றரை மணி நேரம் தூங்கியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நேரத்துக்குச் சாப்பிட்டீர்கள். ஜூனில் மாத்திரையை மட்டுமா நிறுத்தினீர்கள்? மதியத் தூக்கம் போனது, காலை டிபன் போனது, நாற்பது பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். பாராட்டெல்லாம் டப்பாவுக்குப் போய்விட்டது.

பணத்தைப் பற்றியும் சொல்கிறேன். நம் நாட்டு விதிப்படி இந்த வகைத் துணை உணவு டப்பாவில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்று அச்சிட்டிருக்க வேண்டும். நோயைத் தடுக்கும், குணமாக்கும் என்று சொல்லி விற்கக் கூடாது. ஆள் சேர்ப்பதையே வருமானமாக்கும் பிரமிடு திட்டங்களை 2021ஆம் ஆண்டின் நேரடி விற்பனை விதிகள் தடை செய்கின்றன. பிரிக்காத டப்பா இருந்தால் ரசீதோடு திருப்பிக் கேளுங்கள். மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தோழியிடம் சண்டை வேண்டாம், அவரும் யாரோ சொல்லி நம்பியவராகத்தான் இருப்பார். ‘டாக்டர் வேண்டாம் என்கிறார்’ என்று பழியை என் மேல் போடுங்கள்.

தூக்கம், தம்பி

நீங்கள் கேட்ட ‘வேறென்ன செய்யலாம்’ பட்டியலில் நான் முதலில் வைப்பது தூக்கத்தை. பதினொன்றே முக்காலுக்குப் படுத்து, நடுவில் இரண்டு தடவை எழுந்து, நாலே முக்காலுக்கு அலாரம். கூட்டிப் பார்த்தால் நாலரை மணி நேரம் கூட வராது. இந்தத் தூக்கத்தோடு யாருக்கும் பெயர் ஞாபகம் இருக்காது, எனக்கும்தான். பிரிட்டனில் சுமார் எட்டாயிரம் பேரை இருபத்தைந்து வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வில், ஐம்பது அறுபது வயதில் ஆறு மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ தூங்கியவர்களுக்குப் பின்னாளில் மறதி நோய் சற்று அதிகம் வந்திருந்தது. தூக்கக் குறைவுதான் காரணம் என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மறுநாள் சர்க்கரை ஏறுவதற்கும் எரிச்சல் படுவதற்கும் ஆய்வு தேவையில்லை, உங்களுக்கே தெரியும்.

‘சீக்கிரம் படுங்கள்’ என்று எழுதிவிட்டுப் போவது எளிது. அம்மா எழுந்து நடந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள்? முதலில் அம்மாவின் இரவைச் சீர்செய்யப் பார்ப்போம். பகலில் அரை மணிக்கு மேல் தூங்கவிடாமல் திண்ணையில் வெளிச்சத்தில் உட்கார வைப்பது, நாலு மணிக்கு மேல் காபி கொடுக்காமல் இருப்பது, கழிப்பறைக்குப் போகும் வழியில் சின்ன விளக்கு. திடீரென்று இரவு நடமாட்டம் கூடியிருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வலி ஏதாவது இருக்கிறதா என்று காட்டுங்கள். தூக்க மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், இந்த வயதில் அது விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்வதில் போய் முடியும்.

அடுத்தது உங்கள் தம்பி. நான்கு பக்கக் கடிதத்தில் அவருக்கு ஒரே ஒரு வரி. பணம் அனுப்புகிறார், நல்லது. ஆனால் இரவில் எழுந்திருப்பது நீங்கள். வாரத்தில் இரண்டு இரவு ஊரிலேயே ஓர் ஆளை வைத்துக்கொள்ள அந்தப் பணத்தைப் பயன்படுத்தலாம். டப்பாவுக்கு ஆகும் செலவு வருடத்துக்கு 81,600 ரூபாய் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தசரா, பொங்கல் விடுமுறைகளில் தம்பி வந்து ஒரு வாரம் அம்மாவோடு இருக்கட்டும். கேட்பதற்குக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைக்கிறேன். சனி ஞாயிறு இரவு கணவர் அம்மாவின் அறையில் படுக்கட்டும், நீங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்குங்கள்.

அதற்கு முன் கணவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். நீங்கள் குறட்டை விடுவதாக அவர் கேலி செய்கிறாராமே, அதை ஒரு ராத்திரி போனில் பதிவு செய்யச் சொல்லுங்கள். குறட்டை சட்டென்று நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி மூச்சு வாங்கினால் அது தூக்கத்தில் மூச்சடைப்பு. சிகிச்சை உண்டு, அதைச் செய்தாலே பகல் அசதி பாதி போகும். ‘எல்லாம் மனசுதான்’ என்று அவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. ஆனால் மனசையும் பார்க்க வேண்டும். அழுகை இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தாலோ எதிலும் பிடிப்பில்லாமல் போனாலோ அது மனச்சோர்வாக இருக்கலாம். மனச்சோர்வே மறதியைப் போல வேஷம் போடும். 14416 என்ற டெலி மனஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

நடையும் தட்டும்

அமெரிக்காவில் 120 முதியவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவை வாரம் மூன்று நாள் நாற்பது நிமிடம் நடக்க வைத்தார்கள். ஒரு வருட முடிவில், நடந்தவர்களுக்கு நினைவோடு தொடர்புள்ள ஹிப்போகேம்பஸ் என்ற மூளைப் பகுதி சுமார் 2 சதவீதம் பெரிதாகியிருந்தது. உடலை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சற்றுச் சுருங்கியிருந்தது. 2011இல் வந்த சின்ன ஆய்வுதான், இதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் டப்பாவிலிருக்கும் எதற்கும் இந்த அளவு சான்று கூட இல்லை.

உங்களுக்கு நாற்பது நிமிடம் ஒரேயடியாகக் கிடைக்காது. துண்டு துண்டாகச் செய்யுங்கள். இரவு சாப்பிட்டதும் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் கால் மணி நேரம். இருவருக்குமே நல்லது, உங்களுக்கு உணவுக்குப் பிறகான சர்க்கரையும் குறையும். பள்ளி விட்டதும் இரண்டு நிறுத்தம் முன்பே இறங்கி வேகமாக நடை, பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. வாரம் இரண்டு நாள், கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது பத்துப் பத்தாக மூன்று முறை. தொடைத் தசைதான் உடலின் பெரிய சர்க்கரைக் கிடங்கு. கால் எரிச்சல் இருக்கும்வரை வெறுங்காலில் நடக்காதீர்கள். மத்தியானம் கோயில் பிரகாரக் கல்லில் நடந்து, கொப்புளம் வந்தது கூடத் தெரியாமல் வருகிற சர்க்கரை நோயாளிகளை ஒவ்வொரு கோடையிலும் பார்க்கிறோம்.

சாப்பாட்டில் பெரிய புரட்சி வேண்டாம். நாலு இட்லியை மூன்றாக்கி, சாம்பாரைப் பருப்பு நிறையப் போட்டுக் கூட்டுங்கள். மாலையில் பிஸ்கட்டுக்குப் பதில் கொண்டைக்கடலைச் சுண்டல். மதியம் சோறு ஒரு கரண்டி குறையட்டும், கீரையும் காயும் இரண்டு கரண்டி கூடட்டும். கீரையோடு எலுமிச்சை பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும், சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. சிறுதானியம் என்றாலே சர்க்கரை ஏறாது என்று நினைக்காதீர்கள், கம்பங்கூழைச் சொம்பு சொம்பாகக் குடித்தாலும் ஏறத்தான் செய்யும்.

உங்கள் மறதி எந்த வகை

நீங்கள் அம்மாவைத் தினமும் பார்ப்பதால், சாவியை மறந்தாலே நெஞ்சு பதறுகிறது. அது புரிகிறது. ஆனால் எந்தத் தேதியில் எந்த மாத்திரை, எந்த மாதம் என்ன மாற்றம் என்று இவ்வளவு கோர்வையாக எழுதியிருக்கிறீர்கள். பெயர் தாமதமாக நினைவுக்கு வருவது வேறு. பழகிய தெருவில் வழி தப்புவது, சொன்னதையே பத்து நிமிடத்தில் மறுபடி கேட்பது, மதிப்பெண் கூட்டலில் புதிதாகத் தப்பு வருவது, நீங்கள் உணராமல் சக ஆசிரியர்கள் முதலில் கவனிப்பது வேறு. இந்த இரண்டாம் வகை வந்தாலோ, மேலே சொன்ன குறைகளைச் சரிசெய்து ஆறு மாதம் ஆகியும் தேறவில்லை என்றாலோ நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

2024இல் லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு, மறதி நோய்க்கு நாம் மாற்றக்கூடிய 14 காரணங்களைப் பட்டியலிட்டது. அவை அனைத்தையும் சரிசெய்ய முடிந்தால் உலகில் ஏறக்குறைய 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்பது அவர்கள் கணக்கு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, உடலுழைப்பின்மை, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் இருக்கின்றன. காது கேளாமையும் இருக்கிறது.

காது என்றதும் ஞாபகம் வருகிறது. அம்மாவுக்கு வாங்கிய காது மெஷின் ‘சரியாகக் கேட்கவில்லை’ என்று ஒரு வருடமாகப் பீரோவில் கிடப்பதாகக் கடைசிப் பக்கத்தில் ஓரமாக எழுதியிருக்கிறீர்கள். அது மறதியைக் குணமாக்காது. ஆனால் கேட்காத காதோடு இருட்டில் விழித்தெழும் ஒருவருக்குப் பயமும் குழப்பமும் கூடத்தான் செய்யும், பகலில் பேச்சும் அற்றுப்போகும். பட்டன் பேட்டரி போடும் மெஷின் என்றால் புதிய பேட்டரி ஒன்று வாங்கி, மேலே ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரை உரித்து, இரண்டு நிமிடம் காற்றில் வைத்திருந்துவிட்டுப் போட்டுப் பாருங்கள். அப்படியும் கேட்கவில்லை என்றால், அம்மாவின் காதில் அழுக்கு அடைத்திருக்கிறதா என்று ஒரு காது மருத்துவரிடம் காட்டிவிட்டு, மெஷினை வாங்கிய இடத்தில் மறுபடி ட்யூன் செய்து தரச் சொல்லுங்கள்.